ஹெட் கேஸ்கெட் மாற்றிய பின்னும் கூலன்ட் குறைகிறதா? கசிவைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) மாற்றி முடித்த காரில் மறுபடியும் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், குறைந்தால், பெரும்பாலானோர் புதிய கேஸ்கெட்டின் மேல்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். சிலர் அன்றே ஹெட்டைத் திரும்பக் கழற்றத் துணிந்துவிடுகிறார்கள். அந்த வேலைக்காகக் கழற்றி மாட்டப்பட்ட ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள், ஓ-ரிங்குகள் (அடைப்பு ரப்பர் வளையங்கள்), சென்சார்கள் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால், கூலன்ட் வெளியேறக்கூடிய இடங்கள் பத்துக்கு மேல் தேறும். கேஸ்கெட் அவற்றுள் ஒன்று; அதுவும் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய ஒன்று.

ஆகவே கீழே உள்ள படிகள் வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்கு என்ற வரிசையில் அமைந்துள்ளன. நான்கு சிலிண்டரும் அலுமினிய ஹெட்டும் கொண்ட பெட்ரோல் காரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். டீசலில் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சுட்டியுள்ளேன்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

உங்கள் ரேடியேட்டரின் வாய்க்குப் பொருந்தும் அடாப்டருடன் கூடிய, கையால் பம்ப் செய்யும் அழுத்தச் சோதனைக் கருவி கட்டாயம் தேவை. இதை இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் செய்வதெல்லாம் ஊகமாகவே முடியும். இத்துடன் நல்ல டார்ச், நீண்ட பிடியுள்ள சிறு கண்ணாடி, ஸ்பார்க் பிளக் சாக்கெட், காருக்கு அடியில் விரிக்கப் பெரிய அட்டை, கார் நிறுவனம் குறிப்பிட்ட வகைக் கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் ஆகியவை வேண்டும்.

சோதனை முடியும்வரை வெறும் தண்ணீர் போதும் என்று நினைக்க வேண்டாம். சூடான உலோகத்தின் மேல் விழும் வெறும் தண்ணீர் தடம் இல்லாமல் ஆவியாகிவிடும். நிறமுள்ள கூலன்ட் உலர்ந்தாலும் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு படிவை விட்டுச் செல்லும். அந்தப் படிவுதான் உங்களுக்கு வழிகாட்டி. போர்வெல் தண்ணீரோ ஒருபோதும் கூடாது. அதிலுள்ள உப்பு அலுமினியத்தை அரித்து, இல்லாத கசிவையும் நாளடைவில் உண்டாக்கிவிடும்.

பாதுகாப்புக்கு இரண்டு விதிகள் உண்டு. 1.1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி போட்ட என்ஜினில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். சூடான நிலையில் மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய், உள்ளிருப்பது நீராவியாக முகத்தில் அடிக்கும். எனவே ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, அது தளர்வாக இருந்தால் மட்டுமே மூடியைத் தொடுங்கள். அடுத்ததாக, கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருப்பதால் தெருநாய்களும் பூனைகளும் நக்கும். அது அவற்றுக்கு நஞ்சு. சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

2. காற்றா, கசிவா என்று முதலில் பிரித்தல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஹெட்டைக் கழற்றியபோது என்ஜினுக்குள் இருந்த கூலன்ட் அனைத்தும் வடிந்துவிட்டது. மறுபடி ஊற்றும்போது ஹெட்டின் உச்சியிலும் ஹீட்டர் குழாய்களிலும் காற்று அடைபட்டுக்கொள்ளும். வண்டி ஓட ஓட அந்தக் காற்று வெளியேற, அதன் இடத்தைக் கூலன்ட் நிரப்ப, கூலன்ட் டேங்கில் அளவு குறையும். அது கசிவன்று.

காற்றை வெளியேற்றும் முறை: காரின் முன்பக்கத்தைச் சற்று உயரமான சரிவில் நிறுத்தி, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். காற்று நீக்கும் திருகு இருந்தால், அதிலிருந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை தளர்த்தி வைத்து மூட வேண்டும். என்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்குக் கூலன்ட் செல்லும் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அப்போது ரேடியேட்டரில் அளவு சட்டென்று இறங்கும். இறங்கிய அளவுக்கு ஊற்றி, கூலன்ட் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கும் முன் மூடியை மாட்டிவிடுங்கள். பிறகு ரேடியேட்டர் விசிறி ஒருமுறை ஓடி நிற்கும்வரை காத்திருந்து, என்ஜினை அணைத்து முழுமையாக ஆற விடுங்கள்.

நம் ஊரில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை என்பதால் இந்தப் படியில் அதை மறந்துவிடுகிறார்கள். வால்வு வைத்த ஹீட்டரானால், அதைத் திறக்காதவரை அந்தச் சுற்றில் இருக்கும் காற்று வெளியே வர வழியே இல்லை.

இதன் பிறகு தினமும் காலையில், என்ஜினைத் தொடுவதற்கு முன், டேங்கில் கூலன்ட் நிற்கும் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிக் குறியுங்கள். குறைவு நாளுக்கு நாள் சிறுத்து நின்றுவிட்டால் காற்று. தினமும் ஒரே அளவில் குறைந்தால் கசிவு. மாலையில் சூடாக இருக்கும்போது பார்த்து ஊற்றுகிறவர்கள், விரிந்து நிற்கும் கூலன்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். மறுநாள் காலையில் அளவு இறங்கியதும் கசிவென்று பதறுகிறார்கள்.

ரேடியேட்டருக்குத் தனி மூடியும் பக்கத்தில் அழுத்தமில்லாத டேங்கும் உள்ள கார்களில் இரண்டையும் பார்க்க வேண்டும். டேங்க் நிறைந்து ரேடியேட்டர் குறைந்திருந்தால், மூடியின் ரப்பர் கெட்டு, ஆறும்போது கூலன்டைத் திரும்ப உறிஞ்சவில்லை. அல்லது மூடிக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய ஹோஸ் வெடித்திருக்கிறது. சிலிண்டரில் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு (இனி எரிவாயு) உள்ளே புகுந்து கூலன்டை வெளியே தள்ளும்போதும் இதே அடையாளம்தான் தெரியும். அதை ஆறாம் படியில் பார்க்கலாம். மூடியை மாற்ற ஆகும் செலவு சொற்பம், ஆகவே ஹெட் வேலை செய்த காருக்குப் பழைய மூடியையே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று: காருக்கு அடியில் சொட்டும் நிறமற்ற, மணமற்ற நீர் ஏசியிலிருந்து வருவது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கூலன்ட் வழுவழுப்பாக இருக்கும், ஏசித் தண்ணீர் அப்படி இராது.

3. பழைய ஈரத்தை அகற்றுதல்

ஹெட்டைக் கழற்றியபோது சிந்திய கூலன்ட் பிளாக்கின் பள்ளங்களிலும் கியர்பாக்ஸ் மேற்புறத்திலும் தேங்கி நிற்கும். அது பல நாள் கழித்தும் சொட்டக்கூடும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மிதமான தண்ணீரால் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். மின் இணைப்புகளையும் ஆல்டர்னேட்டரையும் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொள்ளுங்கள்.

துடைக்கப் பட்டறைகளில் பயன்படும் பனியன் வேஸ்ட் இங்கே உதவாது. அதன் நூல் இணைப்புகளில் சிக்கிக்கொண்டு ஈரத்தை உறிஞ்சி, கசிவு வேறிடத்தில் இருப்பதாகக் காட்டும். நூல் பிரியாத துணியால் துடையுங்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்ட எண்ணெயும் சைலன்சருக்குள் போயிருந்த பழைய கூலன்டும் எரிந்து தீர, அரை மணி நேர ஓட்டம்கூடப் பிடிக்கலாம். அதற்குப் பிறகும் சூடான என்ஜினில் வெண்புகை தொடர்ந்தால் மட்டுமே அதைப் பொருட்படுத்துங்கள்.

4. குளிர்ந்த என்ஜினில் அழுத்தச் சோதனை

குளிர்ந்த நிலையில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. சூடான என்ஜினில் அழுத்தம் ஏற்றினால், கூலன்ட் ஆறும்போது சுருங்கி, கசிவே இல்லாவிட்டாலும் கருவியின் முள் இறங்கும்.

ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, கருவியை மாட்டி, மூடியின் மேல் பொறித்திருக்கும் அளவுக்கு மட்டும் பம்ப் செய்யுங்கள். ஜப்பானிய, கொரிய வகைக் கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்றோ, 88 அல்லது 108 என்றோ இருக்கும். கருவியின் பிஎஸ்ஐ அளவில் 0.9 (88) என்பது ஏறத்தாழ 13, 1.1 (108) என்பது 16. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஹோஸும் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கமும் பிளக்கும். இல்லாத கசிவை நாமே உண்டாக்கியதாகும்.

இருபது நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். முள் அசையாமல் நின்றால், குளிரில் வெளிக்கசிவு இல்லை. முள் இறங்கினால் முதலில் கருவியின் அடாப்டர் ரப்பரில் கசிகிறதா என்று பாருங்கள். முள் இறங்கியதும் என்ஜினை ஆராயத் தொடங்கி, கடைசியில் அடாப்டர்தான் காரணம் என்று அறிவது சாதாரணமாக நடப்பது.

பிறகு டார்ச்சுடன் மேலிருந்து கீழாகத் தேடுங்கள். சொட்டு விழும் இடம் கசியும் இடமன்று. ஹெட்டின் பின்முனையிலுள்ள நீர் வெளிவாயில் கசிந்தால், கூலன்ட் கியர்பாக்ஸின் மேல் வழிந்து, அதன் உறையை ஒட்டிச் சுற்றிவந்து, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது கிராங்க் ஆயில் சீல் கசிவுபோலத் தோன்றும். எப்போதும் ஈரத்தின் மிக உயரமான புள்ளியைத் தேடுங்கள். கண்ணாடியைப் பின்னால் நீட்டி டார்ச்சை அதில் அடித்தால், குழாய் வாயின் அடிப்புறத்தில் ஒரு மணி திரண்டு பெருத்து நகர்வதைக் காணலாம்.

முடிந்தால் இந்தச் சோதனையை முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள். கசிவு கிடைத்தால் எல்லாம் குளிர்ந்து, கைக்கு எட்டும் நிலையில் இருக்கும்.

குளிரில் நிற்கும் முள், சூட்டில் கசியும் இணைப்பை மறைக்கலாம். முதல் சோதனையில் எதுவும் கிடைக்காவிட்டால், என்ஜினைச் சூடாக்கி அணைத்து, அழுத்தம் குறைந்து மூடியைத் திறக்கக்கூடிய வெதுவெதுப்புக்கு வந்ததும் மறுமுறை செய்யுங்கள். அப்போது முள்ளை நம்பாமல் கண்ணை மட்டும் நம்புங்கள்.

5. கழற்றி மாட்டிய இணைப்புகளை வரிசையாகப் பார்த்தல்

கை பட்ட இடங்களை முதலில், படாத இடங்களைப் பிறகு பாருங்கள்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் தொடங்குங்கள். அதன் ரப்பர் வளையம் தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் சரியாக உட்காராமல் நழுவி, ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை முழுதாக இறுக்கிய பிறகு மற்றதை இறுக்கியதே காரணம். பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒட்டியிருந்தாலும் இதே விளைவுதான்.

அடுத்து ஹோஸ்கள். அலுமினியக் குழாய் வாயில் படிந்த வெள்ளை உப்பைச் சுரண்டாமல் ஹோஸை ஏற்றினால் கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினாலும் கசியும். கிளாம்ப் குழாயின் மேடான வளையத்துக்கு உட்புறம் அமர வேண்டும். வளையத்தின் மேலேயே அமர்ந்தால் அழுத்தத்தில் ஹோஸ் மெல்ல வெளியே நகரும். தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்பிரிங் கிளாம்ப் ரப்பர் அமுங்க அமுங்கத் தானும் இறுகும்; அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருகு கிளாம்ப் போடுவது முன்னேற்றமன்று.

என்ஜினுக்குப் பின்னால் வாட்டர் பம்ப்பிலிருந்து ஓடும் இரும்புக் குழாய் பலருக்குக் கண்ணிலேயே படுவதில்லை. அதன் முனை ஓர் ஓ-ரிங்குடன் பிளாக்குக்குள் செருகப்பட்டிருக்கும். ஹெட்டைத் தூக்கும்போது இந்தக் குழாய் அசைந்தால் பல வருடங்களாக அமுங்கிக் கடினமான ஓ-ரிங் இனிப் பிடிக்காது. புதிய ஓ-ரிங்கைக் கூலன்டில் நனைத்துச் செருக வேண்டும். உலர்வாகத் தள்ளினால் மடிந்து கிழியும்.

இவற்றுக்குப் பின் வெப்பநிலை சென்சார், திராட்டில் பாடிக்குச் செல்லும் சிறு ஹோஸ்கள், ஹீட்டர் ஹோஸ்கள், ரேடியேட்டரின் வடிகால் திருகு, டர்போ இருந்தால் அதன் கூலன்ட் குழாயின் செம்பு வாஷர்கள், டீசலில் ஈஜிஆர் கூலர் (என்ஜினுக்குத் திரும்பச் செல்லும் புகையை ஆற்றும் பகுதி) ஆகியவற்றைப் பாருங்கள். செம்பு வாஷரை மறுபடி பயன்படுத்தியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

வாட்டர் பம்ப்பின் அடிப்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் படிவுக்கோடு தெரிந்தால் பம்ப்பின் உள் சீல் போய்விட்டது. துளையை அடைக்கக் கூடாது. டைமிங் பெல்ட் ஓட்டும் பம்ப் என்றால் கசியும் கூலன்ட் பெல்ட்டையும் கெடுக்கும்.

எங்கும் ஈரம் இல்லாமல் முள் இறங்கினால் காருக்குள் பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் கம்பளம் பிசுபிசுப்பாக நனைந்திருந்தாலோ, கண்ணாடியில் எண்ணெய்போன்ற பனி படிந்தாலோ, ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் உள்ள சிறு ரேடியேட்டர்) கசிகிறது. வருடக்கணக்கில் ஓட்டமில்லாமல் நின்ற ஹீட்டர், இரண்டாம் படியில் முதன்முறையாகச் சூடான கூலன்டைப் பெற்றதும் விட்டுக்கொடுப்பது நடக்கக்கூடியதே.

6. வெளியே எதுவும் கிடைக்காவிட்டால் உள்ளே தேடுதல்

முதலில் ஓர் எச்சரிக்கை. இரவில் கூலன்ட் கணிசமாகக் குறைந்து, வெளியே ஈரமே இல்லையென்றால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றாமல் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டரில் தேங்கிய திரவம் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

கருவியை மாட்டி அழுத்தம் ஏற்றி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இரவு முழுவதும் விட்டுவையுங்கள். காலையில் இன்ஜெக்டர், காயில் இணைப்புகளைப் பிரித்துவிட்டு, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எந்தத் துளையிலிருந்து சாரல் வருகிறதோ அந்தச் சிலிண்டர்தான்.

சிறு கேமராவால் பிஸ்டன் தலையைப் பார்க்கும் வழக்கம் உண்டு. நீராவி பட்ட பிஸ்டன் மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்றிருக்கும். ஆனால் ஹெட் வேலையின்போது எல்லாப் பிஸ்டன்களையும் சுரண்டித் துடைத்திருந்தால் நான்கும் பளிச்சென்றுதான் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிக் கரி படிந்த பிறகே இந்த அடையாளத்துக்கு மதிப்பு.

அழுத்தம் கூலன்டிலிருந்து சிலிண்டருக்குப் போவதுபோல, எரிவாயு சிலிண்டரிலிருந்து கூலன்டுக்கும் வரும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகினால், அது வெப்பத்தால் வந்த அழுத்தமன்று. இதை உறுதிசெய்ய நீலநிறச் சோதனைத் திரவம் கிடைக்கிறது. ரேடியேட்டர் வாயிலுள்ள காற்றை அதன் வழியே உறிஞ்சினால், எரிவாயுவின் கார்பன் டை ஆக்சைடு பட்டு, பெட்ரோல் என்ஜினில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறும். கூலன்டைச் சற்று இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது குழாயில் ஏறினால் திரவம் பாழ். திரவம் வேலை செய்கிறதா என்பதைச் சைலன்சர் வாயில் ஒருமுறை உறிஞ்சிப் பார்த்து அறியலாம்.

குமிழிகளை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காற்றுக் குமிழி விட்டுவிட்டு வந்து ஓய்ந்துவிடும். எரிவாயுக் குமிழி ஓயாமல் வரும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் கூடும்.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, ஒவ்வொரு பிஸ்டனையும் கம்ப்ரஷன் நிலையின் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியே 5 முதல் 7 பார் காற்றைச் செலுத்துங்கள். ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தால் அந்தச் சிலிண்டர். பிஸ்டன் உச்சியில் இல்லாவிட்டால் காற்று கிராங்க்கைச் சுழற்றிவிடும். அதில் மாட்டிய ஸ்பேனரை எடுத்துவிட்டே காற்றைத் திறக்க வேண்டும். வெறும் கம்ப்ரஷன் சோதனை நன்றாக வந்துவிட்டதால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. கூலன்ட் நுழையப் போதுமான மயிரிழைக் கசிவு அந்த மீட்டரில் தெரியாது.

7. எண்ணெயில் கூலன்ட் கலந்ததா?

பழைய கேஸ்கெட் போனபோது எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால், ஒருமுறை எண்ணெய் மாற்றியதால் எல்லாம் வெளியேறிவிடாது. பால் கலந்ததுபோன்ற குழம்பு பாதைகளில் ஒட்டியிருக்கும். குறைந்த ஓட்டத்துக்குப் பிறகு எண்ணெயையும் ஃபில்டரையும் மீண்டும் மாற்றி, அதன் பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சிறு தூரம் மட்டும் ஓடும் காரின் எண்ணெய் மூடிக்கு அடியில் தோன்றும் வெண்படலம் வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம்.

உறுதியான வழி: இரவு முழுக்க நின்ற காரின் எண்ணெய் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தி, முதலில் வருவதைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். கூலன்ட் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அதுவே முதலில் வரும். எண்ணெய்க்குக் கூலன்டால் குளிரூட்டும் ஆயில் கூலர் உள்ள என்ஜின்களில், ஹெட்டைக் குற்றம் சொல்லும் முன் அந்தக் கூலரைத் தனியே சோதியுங்கள்.

8. ஹெட் இணைப்பில்தான் கசிவு என்று உறுதியானால்

இணைப்புக்கோட்டை உலர்த்தி முகப்பவுடரைத் தூவி அழுத்தம் ஏற்றுங்கள். மேலேயிருந்து வழிந்துவரும் ஈரமா, கோட்டிலிருந்தே ஊறும் ஈரமா என்பதைப் பவுடர் காட்டிவிடும். கோட்டிலிருந்தே ஊறினால் கழற்றத்தான் வேண்டும். ஆனால் காரணம் தெரியாமல் மறுபடி ஒரு கேஸ்கெட் போட்டால் அதுவும் கசியும்.

போல்ட்டுகளிலிருந்து தொடங்குங்கள். குறிப்பிட்ட டார்க் (திருகு விசை) கொடுத்தபின் 90 டிகிரிபோலக் கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறை நீண்டுவிட்டால் மறுபடி பயன்படாதவை. போல்ட் துளையில் எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருந்தால், போல்ட் அந்தத் திரவத்தை அமுக்கி நிற்கும். டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லும், ஹெட் மட்டும் அமுங்கியிருக்காது. பிளாக்கே விரிசல் விட்டதும் உண்டு. சில என்ஜின்களில் துளை நேரே வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (பிளாக்கில் கூலன்ட் ஓடும் அறை) திறக்கும். அங்கே மரையில் சீலன்ட் பூசாவிட்டால் கூலன்ட் மரை வழியே ஏறிப் போல்ட் தலையடியில் வெளிவரும்.

பிளாக்கின் மரையையும் நம்ப வேண்டாம். 2002 முதல் 2006 வரையிலான டொயோட்டா கேம்ரியின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ என்ஜினில், பின்புறத்து ஹெட் போல்ட்டுகளின் மரை அலுமினிய பிளாக்கிலிருந்து உரிந்து வந்து, கூலன்ட் பின்பக்கத்தில் கசிவது பரவலாக அறியப்பட்ட குறை. அங்கே எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் பயனில்லை. துளையைப் பெரிதாக்கி எஃகு மரைச்செருகு போட்டால்தான் நிற்கும்.

ஹெட்டின் தட்டையை நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டு நீளவாட்டில், குறுக்கில், மூலைவிட்டத்தில் அளங்கள். பல நான்கு சிலிண்டர் அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. உங்கள் என்ஜினின் கையேட்டு அளவே இறுதியானது. லேத் பட்டறையில் ஹெட் ஃபேசிங் (அடிப்பரப்பைச் சமமாகச் சீவுதல்) செய்வதோடு நிறுத்திவிட்டு, பிளாக்கின் மேற்பரப்பை அளக்காமல் விடுவதே நான் அதிகம் காணும் குறை. கேஸ்கெட் இரு பக்கமும் உட்கார வேண்டிய பொருள். எமரித் தட்டு போட்ட கிரைண்டரால் பிளாக்கைச் சுத்தம் செய்திருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் அவற்றை மன்னிக்காது.

வால்வு இருக்கைகளுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்று ஹெட்டைச் சுடுநீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரில் மூடிக்கொள்ளும் விரிசல் சூட்டில்தான் திறக்கும்.

கேஸ்கெட் தலைகீழாகவோ முன்பின் மாறியோ போடப்பட்டதா என்பதையும் பாருங்கள். மேற்பக்கக் குறி எங்கிருந்தது, நிலைநிறுத்தும் பின்கள் இரண்டும் இருந்தனவா என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். டீசலில் கேஸ்கெட்டின் ஓரத்திலுள்ள வெட்டுகளோ துளைகளோ அதன் தடிமனைக் குறிக்கும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அளவைக் கொண்டு அது தேர்ந்தெடுக்கப்படுகிறது. கடையில் கிடைத்ததை வாங்கிப் போடக் கூடாது.

"ஹெட் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டால் நின்றுவிடும்" என்ற யோசனையைக் கேட்காதீர்கள். கோணக் கணக்கில் நீண்ட போல்ட் மேலும் இறுக்கினால் அறுந்துவிடும். மறு இறுக்கம் வேண்டும் என்று கையேடு சொல்லும் பழைய வகை கேஸ்கெட்டுகள் மட்டுமே விலக்கு. கசிவடைக்கும் பொடியும் வேண்டாம். அது ஓட்டையை அடைக்கும் முன் ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அப்படித்தான்: வெப்பநிலை முள் இறங்கும், கசிவு இருந்த இடத்திலேயே இருக்கும், என்ஜின் உரிய சூட்டை எட்டாமல் பெட்ரோலைக் குடிக்கும்.

9. சரிசெய்த பிறகு

அழுத்தச் சோதனையைக் குளிரில் ஒருமுறை மீண்டும் செய்து, முள் நிற்பதைப் பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றியே இருக்கட்டும்; வெப்பநிலை முள்ளில் கண் வைத்து, விசிறி ஓடி நிற்பதுவரை பார்த்து, மறுநாள் காலை டேப் குறியுடன் ஒப்பிடுங்கள். அட்டையைக் காருக்கு அடியில் ஒரு வாரம் விரித்தே வையுங்கள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் திருகு கிளாம்ப்புகளை, குளிர்ந்த நிலையில், ஒரு கால் சுற்று இறுக்க முடிகிறதா என்று பாருங்கள். புதிய ஹோஸின் ரப்பர் அதற்குள் சற்று அமுங்கியிருக்கும்.